ஜூன் மாதம் ‘ஜூன’ ஆன கதை

இடைவினை வடிவமைப்பு (செயலியையும் இணையப் பக்கத்தையும் மக்கள் பயன்படுத்தும் விதத்தை வடிவமைப்பது) படிக்கிறவர்களில் பலர் நிரல் எழுத அஞ்சி, போர்ட்ஃபோலியோவை, அதாவது தங்கள் வேலைகளின் தொகுப்பை, வெறும் திரை வரைவுப் படங்களால் நிரப்புகிறார்கள். முதல் ஆண்டில் நானும் அப்படித்தான். இப்போது ஜூனியர்கள் கேட்டால், நன்றாகத் தெரிந்த ஊரின் தரவு ஒன்றை எடுத்து, உலாவியில் ஓடும் வரை விடாதீர்கள் என்கிறேன்.

நான் எடுத்தது சென்னை மழை. 2015 நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் 1,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. அதை மற்ற மாதங்களின் பக்கத்தில் வைத்துக் காட்ட நினைத்து, தரவைப் படமாக வரைய உதவும் டி3 என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் மாதத்துக்கு ஒரு வட்டம் வரைந்தேன். பார்க்க அழகாக இருந்தது, ஆனால் பொய் சொன்னது. மழை அளவை ஆரமாகக் கொடுத்திருந்தேன். ஆரம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும். கண்ணில் படுவது பரப்புதான். பெய்ததைவிடப் பெரிய மழையை நானே பெய்வித்திருந்தேன்! டி3-இல் இதற்கென்றே வர்க்கமூல அளவுகோல் இருக்கிறது. அதைப் போட்டதும் கணக்கு சரியானது. ஆனாலும் அக்டோபரில் அதிகமா, டிசம்பரில் அதிகமா என்று அறைத்தோழியால் சொல்ல முடியவில்லை. ஒரே அடிக்கோட்டில் நிற்கும் நீளங்களைக் கண் துல்லியமாக ஒப்பிடும், பரப்பில் தடுமாறும் என்று புள்ளியியலாளர்கள் கிளீவ்லாந்தும் மெக்கிலும் 1984-இலேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். மூன்று வார உழைப்பை அழித்துப் பட்டைகளாக்கினேன். அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

முதல் பட்டைகள் தலைகீழாகத் தொங்கின. உலாவியில் கோடும் வடிவமும் வரையும் எஸ்விஜி வடிவத்தில் சுழியம் மேலே, எண்கள் கீழ்நோக்கி ஏறும். எல்லோரும் ஒருமுறை இதில் விழுகிறார்கள், கவலைப்பட வேண்டாம்.

தமிழில் செய்கிறவர்களுக்கு இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது. இடம் போதவில்லை என்று மாதப் பெயர்களில் முதல் மூன்று குறிகளை மட்டும் வெட்டி எடுத்தேன். டிசம்பர் ‘டிச’ என்று ஒழுங்காக வந்தது. ஜூன் ‘ஜூன’ ஆனது, நவம்பர் ‘நவம’ ஆனது. நம் கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவது யூனிகோடில், அதாவது கணினி எழுத்துகளைச் சேமிக்கும் குறியீட்டு முறையில், இரண்டு குறிகளாக இருக்கலாம். வெட்டும்போது புள்ளி மட்டும் கழன்று விழுந்துவிடுகிறது. ஜாவாஸ்கிரிப்டிலேயே உள்ள இன்டல் செக்மென்டர் (Intl.Segmenter) என்ற கருவி எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும். நான் சுருக்குவதையே விட்டுவிட்டு, பட்டைகளைக் கிடையாகத் திருப்பி முழுப் பெயரையும் எழுதினேன்.

சுட்டியைப் பட்டைமேல் கொண்டுபோனால் எண் தோன்றும்படி செய்திருந்தேன். அம்மாவின் கைப்பேசியில் திறந்தால் ஒன்றும் தோன்றவில்லை. தொடுதிரையில் ஏது சுட்டி? எண்களைப் பட்டையின் முனையிலேயே எழுதிவிட்டேன்.

ஜாவாஸ்கிரிப்ட் புதிது என்றால் நேராக டி3-க்குப் போகாதீர்கள். தொடக்கநிலையினருக்கு எளிதான பி5 என்ற வரைதல் நூலகத்தில் சில வாரம் கோடும் வட்டமும் வரைந்து கை பழகட்டும். பழைய பதிப்புகளை கிட் (Git) என்ற பதிப்புக் காப்பு மென்பொருளில் நாள்தோறும் சேமியுங்கள்.

வேலை நேர்காணலில் முடிந்த பக்கத்தை ஒரு நிமிடம்தான் பார்த்தார்கள். “வட்டங்கள் ஏன் போயின? காட்டுங்கள்” என்றார் ஒருவர். மீதி அரைமணி நேரமும் அந்தப் பொய் வட்டங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.