பென்சிலோடு உட்கார்ந்த மூன்று இரவுகள்

என் தூக்கத்தைக் கெடுத்தவர் ஹோலி ஜாக்சன். 2019இல் வெளிவந்த 'எ குட் கேர்ள்ஸ் கைடு டு மர்டர்' நாவலை இப்போதுதான் கையில் எடுத்தேன். இங்கிலாந்துச் சிற்றூர் ஒன்றில் ஐந்து ஆண்டுகளுக்கு முன் மூடப்பட்ட கொலை வழக்கை, பிப் என்ற 17 வயது மாணவி பள்ளி ஆய்வுக்கென்று கிளறுகிறாள். அவள் எடுக்கும் பேட்டிகளும், எழுதிவைக்கும் குறிப்புகளும், நீண்டுகொண்டே போகும் சந்தேகப் பட்டியலும் அப்படியே நம் முன் வைக்கப்படுகின்றன. நானும் ஒரு தாளில் பெயர்களை எழுதி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தேன். கடைசியில் மிஞ்சிய என் 'குற்றவாளி' பாவம், நிரபராதி!

அந்தச் சூட்டோடு காரென் மெக்மானஸின் 'ஒன் ஆஃப் அஸ் இஸ் லையிங்' (2017). தண்டனை வகுப்பில் ஐந்து மாணவர்கள். ஒருவன் தண்ணீர் குடித்ததும் சுருண்டு விழுகிறான், மற்ற நால்வர் மீதும் சந்தேகம். தொடக்கம் அபாரம். ஆனால் நால்வரும் மாறி மாறிக் கதை சொல்லியும் எனக்கு ஒரே குரல்தான் கேட்டது. பேசுவது யார் என்று அத்தியாயத் தலைப்பைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது. காதல் பக்கங்களைத் தாராளமாகக் குறைத்திருக்கலாம்.

அடுத்தது ரிச்சர்ட் ஆஸ்மன் நாவலில் முதியோர் குடியிருப்பில் இருந்துகொண்டு துப்பறியும் தாத்தா பாட்டிகள். பதினேழு வயதுக்காரர்களிடமிருந்து எனக்குக் கொஞ்சம் ஓய்வு வேண்டும்.