ஐபிவி6-ஐ நிறுத்திப் பார்த்த ஒரு மாலை

சில தளங்கள் மட்டும் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தன. மற்றவை உடனே வந்தன. ரவுட்டரை அணைத்துப் போட்டேன், டிஎன்எஸ் மாற்றினேன், கேஷை அழித்தேன், பலனில்லை. அடம்பிடித்த தளங்கள் எல்லாவற்றுக்கும் ஐபிவி6 (இணைய முகவரிகளின் புதிய முறை, பழையது ஐபிவி4) முகவரி இருந்ததைக் கவனித்தபோதுதான் சந்தேகம் அதன் பக்கம் போனது.

விண்டோஸில் நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ் போய், வைஃபை அடாப்டரின் ப்ராப்பர்ட்டீஸில் 'இன்டர்நெட் புரோட்டோகால் வெர்ஷன் 6' என்ற வரியின் டிக்கை எடுத்தேன். அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி கேட்கும், அவ்வளவுதான். அடுத்த நிமிடம் எல்லாத் தளங்களும் திறந்தன.

அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. விண்டோஸின் சில பகுதிகள் ஐபிவி6-ஐ நம்பியிருப்பதால் அதை நிறுத்த வேண்டாம் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. டிக்கை நாமே திரும்பப் போடாவிட்டால் கணினியை எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் அது நின்றேதான் இருக்கும். மறக்காமல் இருக்க ஒரு துண்டுத்தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டினேன்.

டிக்கைப் போட்டுவிட்டு மறுமுனையிலிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையை, ஐபிவி6 வழியாகப் போக -6 சேர்த்து ஓட்டினேன். பதில் ஒழுங்காக வந்தது. இங்கேதான் நான் வெகுநேரம் ஏமாந்தேன்: பிங் அனுப்புவது குட்டி பாக்கெட், அதாவது சின்னத் தரவுத் துண்டு. அளவை 1452 பைட்டாக உயர்த்தியதும் பதில் நின்றுபோனது, 1444-க்கு வந்தது. தலைப்புத் தகவலுக்கு 48 பைட் சேர்த்தால் 1500-உம் 1492-உம். என் இணைப்பு பிபிபிஓஇ (யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் முறை). ஒரு பாக்கெட்டின் வழக்கமான உச்ச அளவான 1500-இல் 8 பைட் அதற்கே போய்விடும், 1492-தான் மிச்சம். ஐபிவி6-ல் வழியிலுள்ள ரவுட்டர் பெரிய பாக்கெட்டை உடைத்து அனுப்பாது. 'பெரிதாக இருக்கிறது' என்று அனுப்பியவருக்குச் செய்தி விடும். அந்தச் செய்தி எங்கோ தடுக்கப்பட்டால் பாக்கெட் சத்தமில்லாமல் தொலையும். ஐபிவி6 சரியாக வராவிட்டால் பிரவுசர் தானாக ஐபிவி4-க்கு மாறிக்கொள்ளும்தான். ஆனால் இணைப்பைத் தொடங்கும் ஆரம்பக் கைகுலுக்கல் சின்ன பாக்கெட்டுகளில் முடிந்துவிடுவதால், இணைப்பு நன்றாக இருக்கிறது என்றே அது நம்பிவிடுகிறது. பிறகு வரவேண்டிய பெரிய பாக்கெட்டுக்காகக் காத்துக் கிடக்கிறது.

ரவுட்டரின் ஐபிவி6 அமைப்பில், வீட்டுக் கணினிகளுக்கு அறிவிக்கும் எம்டியூ அளவை (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1492 ஆக்கினேன். வைஃபையைத் துண்டித்து மறுபடி இணைத்தேன். டிக் போட்டது போட்டபடி இருக்க, அடம்பிடித்த தளங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. மானிட்டரில் ஒட்டிய தாளைக் கிழித்துப் போட்டேன்.