மிஷின் கணக்கு சரி, பகல் தூக்கம் மட்டும் போகவில்லை

போன தீபாவளிக்கு முந்தின வாரம், தராசில் லோரி நிற்கும்போதே கண் அயர்ந்துவிட்டேன். ஹாரன் சத்தத்தில் திடுக்கிட்டுப் பார்த்தால், குலையோடு வந்த எடையை எழுத வேண்டிய கட்டத்தில் காலி லோரியின் எடையை எழுதி வைத்திருக்கிறேன். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் எனக்குத் தராசு கிராணி வேலை, லோரி எடையை எழுதுவது. இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் காசு. அன்றைக்கு அந்தச் சிறுதோட்டக்காரர் எட்டிப் பார்த்துக் கேட்டிருக்காவிட்டால் ஒரு நடைக் காசு அவருக்கு நஷ்டமாகியிருக்கும். அந்தப் பெரியவர் என்னைத் திட்டவில்லை. "தம்பி, உடம்புக்கு முடியலையா?" என்றுதான் கேட்டார். இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குத் தூக்கத்தில் மூச்சு தடைபடும். அதற்கு மாஸ்க் வழியாகக் காற்று ஊதும் சிபேப் மிஷினை எட்டு மாதம் முன்பே வாங்கியாகிவிட்டது. மூவாயிரத்துச் சொச்சம் வெள்ளி (ரிங்கிட்), தவணையில். டெஸ்ட் எடுத்தபோது மணிக்கு 41 தடவை மூச்சு தடைபட்டது. மாஸ்க் போட்டபின் 2.3. ஐந்துக்குக் கீழே இருந்தால் நார்மல். குறட்டை நின்றது, காலைத் தலைவலி போனது. மனைவியும் நிம்மதியாகத் தூங்கினாள். பகல் தூக்கம் மட்டும் அப்படியே இருந்தது.

பெரிய மருத்துவமனைக்கு மோட்டார் சைக்கிளில் முக்கால் மணி நேரம். முதல் தடவை போனபோது கிளினிக் கொடுத்த சூராட்டில் (கடிதத்தில்) டாக்டர் சாப்பு (முத்திரை) இல்லை என்று கவுண்டரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கையெழுத்து இருக்கிறது, பெயர் இருக்கிறது, கிளினிக்குக்குப் போன் போட்டுக் கேளுங்கள் என்று கெஞ்சினேன். அந்த அம்மா தலையைக் கூட நிமிர்த்தவில்லை. ஒரு நாள் லீவு வீணானது. சூராட்டை வாங்கியதும் அங்கேயே நின்று சாப்பு இருக்கிறதா என்று பாருங்கள், கிளினிக் வாசலைத் தாண்டியபின் பார்த்துப் பயனில்லை.

இரண்டாம் தடவை மிஷினைப் பையில் போட்டுக்கொண்டு போனேன், மிஷின் கணக்கு பதிவாகும் கார்டு வீட்டில் கம்ப்யூட்டரிலேயே மாட்டிக்கொண்டு கிடந்தது. கார்டு இல்லாமல் எதையும் பார்க்க முடியாது என்று ஆறு வாரம் தள்ளித் தேதி கொடுத்தார்கள்.

மூன்றாம் தடவை எல்லாம் இருந்தது. ஆனால் அங்கேதான் பெரிய தவறு நடந்தது. பாதித் தவறு என்னுடையது என்பதால் விவரமாகச் சொல்கிறேன்.

டாக்டரிடம் நான் சொன்ன வார்த்தை "லெத்தே". மலாயில் அது களைப்பு. நாம் வீட்டில் அசதி, களைப்பு, தூக்கம் எல்லாவற்றையும் "ஒரே டயர்டா இருக்கு" என்று ஒன்றாகச் சொல்லிவிடுவோம். டாக்டருக்கு அது ஒன்றல்ல. களைப்பு என்றால் எழுந்து நடக்கவே தெம்பில்லை. என் விஷயம் வேறு. மூட்டை தூக்கச் சொன்னால் தூக்குவேன், உட்கார்ந்தால் கண் சொருகும். அதற்கு "மெங்ஙாந்தோக்", அதாவது தூக்கம் வருகிறது என்று சொல்லியிருக்க வேண்டும். லெத்தே என்று கேட்டதும் உடம்பைக் குறை, நட, வைட்டமின் சாப்பிடு என்று முடித்துவிட்டார்.

அப்புறம், பகலில் எவ்வளவு தூக்கம் வருகிறது என்று பார்க்கும் ஒரு படிவம் கொடுத்தார்கள். எட்டுக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 24, பத்தைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். புத்தகம் படிக்கும்போது தூங்குவீர்களா? நான் புத்தகம் படிப்பதில்லை, 0 போட்டேன். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது? போவதில்லை, 0. ஒரு மணி நேரம் காரில் பயணியாகப் போகும்போது? எனக்கு மோட்டார்தான், 0. மதியம் படுத்தால்? வேலை நாளில் எங்கே படுப்பது, 0. டிராபிக்கில் கார் நின்றால்? அதுவும் 0. டிவி பார்க்கும்போது 3, மதியச் சாப்பாட்டுக்குப் பின் 3, பேசிக்கொண்டிருக்கும்போது 1. மொத்தம் 7. மிஷின் கணக்கும் சரி, படிவமும் சரி. ஒரு நாளைக்கு 4 மணி நேரத்துக்கு மேல் மாஸ்க் போடுகிறீர்கள், ரொம்ப நல்லது, ஒரு வருடம் கழித்து வாங்க என்று அனுப்பிவிட்டார்கள். தராசுச் சம்பவம் நடந்தது அதற்கு மூன்று வாரம் பின்னால்தான்.

மறுநாளே எங்கள் அரசு கிளினிக்குக்குப் போனேன், ஒரு வெள்ளிக்கு நெம்பர் எடுத்து. இந்தத் தடவை மனைவியும் கூட வந்தாள். அவள் வந்ததுதான் எல்லாவற்றையும் மாற்றியது. "டாக்டர், இவரு பேசிக்கிட்டே தூங்குறாரு. போன வாரம் மோட்டார்ல வரும்போது வாய்க்கால் ஓரத்துல இறங்கிட்டாரு" என்று சொல்லிவிட்டாள். நான் வெளியில் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் அது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, காரணம் தெரியும்வரை மோட்டார் ஓட்டக் கூடாது என்றார். அதே படிவத்தை மறுபடி கொடுத்து, "செய்யாத காரியத்துக்கு 0 போடக் கூடாது, செய்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் போடுங்க" என்றார். இதை முதலிலேயே ஒருவர் சொல்லியிருக்கக் கூடாதா! இந்தத் தடவை 17.

அவர் அடுத்துக் கேட்டது எத்தனை மணிக்குப் படுக்கிறேன் என்று. பன்னிரண்டுக்குப் படுத்து ஐந்துக்கு எழுந்திருப்பேன். மிஷினும் அதையேதான் காட்டியது: சராசரி 5 மணி 10 நிமிடம். 4 மணி நேரம் என்பது மிஷினை ஓரளவு ஒழுங்காகப் போடுகிறோமா என்று பார்க்கும் அளவுதானாம். தூங்க வேண்டியது குறைந்தது 7 மணி நேரம். எட்டு மாதமாக அந்த நான்கைத் தாண்டிவிட்டோம் என்றுதான் நிம்மதியாக இருந்தேன்.

ரத்தம் எடுத்தார்கள். தைராய்டு, இரும்புச் சத்து சரி. பி12 வைட்டமின் குறைவு. எனக்கு இனிப்புநீர் (சர்க்கரை வியாதி), ஒன்பது வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். அந்த மாத்திரையை நீண்ட நாள் சாப்பிட்டால் சிலருக்கு பி12 இறங்கும் என்று அன்றுதான் கேள்விப்பட்டேன். ஊசி போட ஆரம்பித்தார்கள்.

ஆனால் பெரிய திருடனைப் பிடித்தது மருந்துக் கவுண்டரில் இருந்த தங்கச்சிதான். "அண்ணே, வேற ஏதாச்சும் மருந்து சாப்பிடுறீங்களா?" என்றாள். இல்லை என்றேன். "மாஸ்க் போட்டா மூக்கு அடைக்குமே, அதுக்கு என்ன பண்றீங்க?" அப்போதுதான் நினைவு வந்தது, இரவில் போடும் சின்ன மஞ்சள் மாத்திரை. மிஷினின் தண்ணீர்த் தொட்டியில் பூஞ்சை பிடிக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு மிஷினில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தியிருந்தேன். காய்ந்த காற்றில் மூக்கு அடைத்தது. பைரிட்டன் வாங்கிப் போட்டுக்கொண்டு படுப்பேன், ஐந்து மாதமாக. சளி மாத்திரைதானே, அதை மருந்துக் கணக்கிலேயே நான் சேர்க்கவில்லை. அது தூக்கம் வரவைக்கும் மாத்திரை, மறுநாள் பகலிலும் உடம்பில் நிற்கும் என்றாள். டாக்டரிடம் எழுந்து போய் அவளே பேசிவிட்டு வந்தாள். மாத்திரையை நிறுத்தி மூக்குக்கு ஸ்ப்ரே கொடுத்தார்கள், தொட்டியைத் தினமும் கழுவி, கொதித்து ஆறிய தண்ணீரை ஊற்றச் சொன்னார்கள். நீங்கள் கிளினிக்குக்குப் போகும்போது வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு போங்கள். கடையில் வாங்கியது, நாட்டு மருந்து, இருமல் தண்ணி, எதையும் விடாதீர்கள்.

இப்போது மூன்று மாதம் ஆகிறது. பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுகிறோம். வேலைக்கு மச்சான் காரில் ஏற்றிப் போகிறார். முதல் வாரம் ஏறியதுமே தூங்கிவிடுவேன், இப்போது வழியெல்லாம் பேசிக்கொண்டு போகிறோம். போன வாரம் படிவத்தில் 9 வந்தது. மூன்று மணிக்கு மேல் கொஞ்சம் இழுக்கத்தான் செய்கிறது. இதெல்லாம் சரிசெய்தும் சிலருக்குத் தூக்கம் மிச்சமிருக்குமாம். அப்படி இருந்தால் இரவு மாஸ்க்கோடு படுக்கவைத்து, மறுநாள் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை படுக்கச் சொல்லி எவ்வளவு சீக்கிரம் தூங்குகிறோம் என்று பார்க்கும் டெஸ்ட் இருக்கிறது, விழிப்பாக இருக்க மாத்திரையும் இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்கான சூராட் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன். சாப்பு இருக்கிறது, பார்த்துவிட்டேன்.

மோட்டார் ஓட்டலாமா என்று அடுத்த மாதம் சொல்வார்கள். அதுவரை சாவி மனைவியிடம்.