பேர்ல் ஒயிட்டும் அந்தப் பொய்முடியும்

பேசாப் படக் காலத்துச் சாகச நாயகி என்றால் எனக்குப் பேர்ல் ஒயிட்தான். 1889இல் அமெரிக்காவின் மிசூரியில் பிறந்தவர். 1914இல் 20 பகுதிகளாக வெளிவந்த 'பெரில்ஸ் ஆஃப் பாலின்' தொடர்படம் அவரை உலகறிந்த நட்சத்திரமாக்கியது.

அந்தப் படப்பிடிப்பில் அவரைத் தூக்கிக்கொண்டு படியேறிய நடிகர் கால் தடுமாற, இருவரும் உருண்டார்கள். முதுகெலும்பில் பட்ட அடி கடைசிவரை அவரை விடவில்லை. அந்த வலியோடு எத்தனை படங்கள்!

பிற்காலத்தில் ஆபத்தான காட்சிகளுக்கு டூப் போட்டார்கள். 1922இல் 'பிளண்டர்' படத்துக்காக, பொன்னிறப் பொய்முடி அணிந்த ஜான் ஸ்டீவன்சன், நியூயார்க்கில் ஓடும் பஸ்ஸின் மேல்தளத்திலிருந்து மேம்பால ரயில்பாதையின் இரும்புச் சட்டத்துக்குத் தாவினார். பிடி நழுவியது, விழுந்து இறந்தார். அவர் பெயரை விட்டுவிட்டு பேர்ல் ஒயிட்டின் புகழை மட்டும் பாடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பேர்ல் பிரான்சில் குடியேறினார். 1924க்குப் பிறகு நடிக்கவில்லை. 1938இல் பாரிஸின் புறநகரான நூயியில் காலமானபோது வயது 49.

பாலின் தொடரில் இன்று மிஞ்சியிருப்பது ஐரோப்பாவுக்காகச் சுருக்கிய 9 பகுதிகள் மட்டுமே. கிடைத்தால் அவசியம் பாருங்கள், நண்பர்களே.