கோபித்துக்கொண்ட தீவு

என். கே. ஜெமிசினின் ‘த சிட்டி வி பிகேம்’ (2020) நாவலில் நியூயார்க்கின் ஐந்து பகுதிகளும் ஐந்து மனிதர்களாக நடமாடுகின்றன. பிராங்ஸ், கலைக்கூடம் நடத்தும் லெனாபி என்ற அமெரிக்கப் பழங்குடி இனத்துப் பாட்டி. வாய் கொஞ்சம் நீளம். குவீன்ஸ் யார் தெரியுமா? பத்மினி, கணக்கில் புலியான நம் தமிழ்ப் பெண்! பக்கத்து வீட்டு நீச்சல் குளம் பிள்ளைகளை விழுங்கப் பார்க்கும்போது கணக்கைத்தான் ஆயுதமாக எடுக்கிறாள்.

என்னை அசத்தியது ஸ்டேட்டன் தீவு. மற்ற நால்வரோடு சேர மாட்டேன் என்று, நகரத்தை அழிக்க வந்த எதிரியின் பக்கம் சாய்கிறாள். இது வெறும் கற்பனையில்லை. நியூயார்க்கை விட்டுப் பிரிந்துபோக வேண்டும் என்று 1993இல் அந்தத் தீவு உண்மையிலேயே வாக்களித்தது. பிரியத்தான் விடவில்லை.

எதிரியாக வரும் வில்லி மட்டும் அளவுக்கு மீறிப் பேசுகிறாள். மூன்று பாகமாகத் திட்டமிட்ட கதையை 2022இல் இரண்டோடு முடித்துவிட்டார் ஜெமிசின். அதில் எனக்கு மனத்தாங்கல்தான்.