அலை உடையாத இடம்

நேற்று கடற்கரையில் மகள் ஓர் இடத்தைக் காட்டி, "அப்பா, அங்கே அலையே இல்லை, போய் விளையாடலாமா?" என்று கேட்டாள். எனக்குப் பகீரென்றது. இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைகிறது. நடுவில் மட்டும் ஒரு பாதை போல, தண்ணீர் கொஞ்சம் கருத்து, அமைதியாக. நுரையும் கலங்கிய மணலும் அதன் வழியே உள்ளே போய்க்கொண்டிருந்தன. அதுதான் ரிப் கரண்ட்.

அலைகள் கரையில் கொண்டுவந்து குவித்த தண்ணீர் கடலுக்குத் திரும்பும் வழி அது. ஆளை அடியில் இழுக்காது, கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போகும். சில நேரம் வேகம் நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டும். எதிர்த்து நீந்திக் களைத்துப் போவதில்தான் உயிர் போகிறது. மாட்டிக்கொண்டால் மல்லாந்து மிதங்கள், கையை உயர்த்திக் கூப்பிடுங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாக நீந்தி இழுப்பை விட்டு விலகுங்கள், அப்புறம் கரைக்குத் திரும்பலாம்.

பிள்ளை போகிறதே என்று பெற்றவர் பின்னாலேயே பாய்வது இயல்பு. ஆனால் அப்படிப் பாய்ந்தவர்களே மூழ்கிப் போயிருக்கிறார்கள். முதலில் உயிர்காப்பாளரைக் கூப்பிடுங்கள், பந்தோ காலி கேனோ மிதக்கிற எதையாவது வீசுங்கள்.

முழங்கால் அளவுதானே என்றும் விடாதீர்கள். அலை பின்வாங்கும்போது காலடி மணல் கரைந்து குழந்தை சட்டென உட்கார்ந்துவிடும். அடுத்த அலை தலைக்கு மேல். போனைப் பையில் வைத்துவிட்டு, கை எட்டும் தூரத்தில் நில்லுங்கள்.

மகளும் நானும் மணலில் உட்கார்ந்து அந்தக் கருத்த பாதையைப் பார்த்தோம். ஒரு மரத்துண்டு அதில் மிதந்து வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அலை உடையும் இடத்தைத் தாண்டிப் போய்விட்டது.