கல்லில் இல்லாத பெயர்

எங்கள் ஊர் சாவடிச் சுவரில் ஒரு சின்னக் கல் பதித்திருக்கிறது. 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்கு இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். இரண்டு எண்கள்தான். பெயர் ஒன்றுகூடக் கிடையாது. தமிழ்நாட்டில் வேறு பல ஊர்களிலும் இதே வாசகத்தோடு இப்படிக் கற்கள் உண்டு.

அந்த இரண்டாவது எண்ணுக்குள் இருப்பவர்களில் ஒருவர் என் ஆயாவின் பெரியப்பா. "ஜெர்மன் சண்டைக்குப் போனவர், வரவே இல்லை" என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் ஆயா ஒன்று சொன்னார். அவருடைய சின்ன வயதில் சாமி மாடத்தில் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய வெண்கல வட்டம் ஒன்று இருந்ததாம். அதில் ஒரு பெண் நிற்பாளாம், கூடவே ஒரு சிங்கம். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது அதற்கும் மஞ்சள் குங்குமம் வைப்பார்கள். துர்க்கையம்மன் என்றே எல்லாரும் நினைத்திருக்கிறார்கள்.

அந்தப் பெண் பிரிட்டானியா, பிரிட்டன் நாட்டைப் பெண்ணாக உருவகித்த உருவம். அந்த வட்டம், போரில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு பிரிட்டிஷ் அரசு அனுப்பிய நினைவுத் தட்டு. சுமார் 12 செண்டிமீட்டர் அகலம். 13 லட்சத்துக்கும் மேல் வார்த்தார்கள். தளபதியோ சிப்பாயோ, பதவியைப் போடாமல் வெறும் பெயரை மட்டும் புடைப்பாக வார்த்திருப்பார்கள். எங்கள் வீட்டில் அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் யாருமில்லை. ஒரு கஷ்ட காலத்தில் அதை எடைக்குப் போட்டுவிட்டார்கள். அம்மனை விற்றுவிட்டோமே என்று ஆயாவின் அம்மா அழுதாராம். அந்த மனிதரின் பெயர் உலோகத்தில் இருந்த ஒரே இடம் அதுதான் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு ஆறவில்லை.

சரி, தேடலுக்கு வருகிறேன். போரில் இறந்த சிப்பாய்களின் கல்லறைகளையும் நினைவுச்சின்னங்களையும் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் பதிவேட்டை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பெயரை வைத்துத் தேடினால் சிக்கல். அந்தக் கால எழுத்தர்கள் முனுசாமி என்ற ஒரே பெயரை எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் எழுதியிருக்கிறார்கள். படைப்பிரிவையும் ஆண்டையும் போட்டு, கூடுதல் விவரத்தில் 'வட ஆற்காடு' என்று வருவதை மட்டும் பிரித்தெடுத்துப் படித்துக்கொண்டே போனேன். இந்தியச் சிப்பாய்கள் பலருக்கு அதில் அப்பா பெயர், ஊர், தாலுகா, மாவட்டம் எல்லாம் இருக்கும். அப்படித்தான் ஒரு ராத்திரி கிடைத்தார். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியியல் பிரிவில் சாப்பர். அப்பா பெயர் சரி. எங்கள் ஊர், குடியாத்தம், வட ஆற்காடு. இறந்தது 1917 ஜூலை. அவரை நினைவுகூரும் இடமாகப் பதிவேடு சொல்வது இராக்கில் உள்ள பாஸ்ரா நினைவுச்சின்னம்.

ஜெர்மன்காரன் இல்லை, துருக்கியோடு சண்டை. மெட்ராஸ் சாப்பர்களுக்குப் பட்டாளத்தில் 'தம்பி' என்று பெயர், இன்றைக்கும் அப்படித்தான். பாலம் கட்டுவது, பாதை போடுவது, ஆற்றைக் கடக்க வைப்பது எல்லாம் அவர்கள் வேலை. 1917 பிப்ரவரி 23 அன்று இராக்கில் ஷும்ரான் வளைவில் டைகிரிஸ் ஆற்றைக் கடந்தபோது, குண்டு மழைக்கு நடுவே படகுகளுக்குத் துடுப்புப் போட்டவர்களில் இவர்களும் இருந்தார்கள். மார்ச் 11 அன்று பாக்தாத் விழுந்தது. அப்புறம் வந்தது கோடை. ஜூலையில் ராமாதி மீது நடத்திய தாக்குதலில் பிரிட்டிஷ் தரப்புக்கு 566 பேர் சேதம், அதில் 321 பேர் வெயிலுக்கு விழுந்தவர்கள். வேலூர் வெயிலில் வளர்ந்த ஆள் அந்த மாதத்தில்தான் போயிருக்கிறார். குண்டா, வெயிலா, பேதியா என்று பதிவேடு சொல்லாது. போர் நாட்குறிப்புகளைப் புரட்டினாலும், வெள்ளை அதிகாரிகள் பெயரோடு வருகிறார்கள், நம் ஆட்கள் எண்ணிக்கையாக வருகிறார்கள்.

பாஸ்ராவிலும் அதே கதை. மெசபடோமியாவில், அதாவது இன்றைய இராக்கில், இறந்து, கல்லறை தெரியாத 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்கான சின்னம் அது. பிரிட்டிஷ் சிப்பாய்களின் பெயர்களையும் இந்திய அதிகாரிகளின் பெயர்களையும் பலகைகளில் செதுக்கியவர்கள், சாதாரண இந்தியச் சிப்பாய்களை மட்டும் படைப்பிரிவுக்கு இத்தனை பேர் என்று எண்ணாக விட்டுவிட்டார்கள். 1997-இல் சதாம் ஆட்சியில் அந்தச் சின்னத்தையே பெயர்த்து, நாசிரியா போகும் சாலையில் பாலைவனத்துக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். 2021-இல் ஆணையம் தன் அறிக்கையிலேயே இந்தப் பாகுபாட்டை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. நல்லது. ஆனால் பாஸ்ரா பலகையில் பெயர் ஏறும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. அவர் எங்கள் ஊர்க்காரர், பெயர் முதலில் எங்கள் ஊரில் இருக்க வேண்டும்.

அக்டோபர் 2 கிராம சபையில் மனு கொடுக்கப் போகிறேன். பழைய கல்லைத் தொட வேண்டாம், அதன் கீழே தமிழில் இன்னொரு கல், அவர் பெயரும் அவருடைய அப்பா பெயருமாக. எங்கள் ஊர்ப் பெயரில் பதிவேட்டில் கிடைத்த மற்றவர்களின் வாரிசுகளையும் தெருத்தெருவாக விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அந்தச் சிப்பாய்களில் ஒருவருடைய ஊர்ப் பெயரை எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால் எங்கள் ஊராகவும் இருக்கலாம், பாலாற்றுக்கு அக்கரையில் உள்ள ஊராகவும் இருக்கலாம். அந்த ஊர்ப் பெரியவர்களையும் கேட்கப் போகிறேன். அப்படியும் தீர்மானமாகவில்லை என்றால் இரண்டு ஊரிலுமே அவர் பெயரைச் செதுக்கச் சொல்வேன்.